கேள்வி – பதில்: எவரெஸ்ட்டில் எது சாதனை?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து எவரெஸ்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உச்சியைத் தொட்டவர்கள் உண்டாம். மற்றவர்களுக்கு ஏன் இரண்டு மாதம் ஆகிறது?

ப: அந்த இரண்டு மாதத்தில் பெரும்பகுதி உடலை உயரத்துக்குப் பழக்கத்தான் போகிறது. வேகமாக ஏறுபவர்களும் அதை முடித்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். 2003 மே 26 அன்று லாக்பா கெலு ஷெர்ப்பா தென்பக்க அடிவார முகாமிலிருந்து (5,364 மீட்டர்) 10 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அடுத்த ஆண்டே பெம்பா டோர்ஜி 8 மணி 10 நிமிடம் என்று அறிவித்தார். அதற்கு ஆதாரம் போதாது என்ற சர்ச்சை உண்டு. 1996இல் ஹான்ஸ் கம்மர்லாண்டருக்கு 16 மணி 45 நிமிடம் ஆனது. ஆனால் அவர் ஏறியது வடபக்கம், கிளம்பியது ஏறத்தாழ 6,400 மீட்டரிலுள்ள முகாமிலிருந்து, அதுவும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல். எங்கிருந்து கிளம்பினார், எந்தப் பக்கம், சிலிண்டர் உண்டா என்று தெரியாமல் நேரத்தை மட்டும் ஒப்பிடுவது பயனற்றது.

கே: ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? நடுவில் தீர்ந்தால்?

ப: உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அவ்வளவு குறைகிறது.

4 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 10 மணி நேரம், 4 லிட்டர் விட்டால் 5 மணி நேரம். உச்சிக்குக் கீழே கயிற்றில் வரிசை கட்டி இரண்டு மணி நேரம் நின்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கிலேயே, ஓரடி ஏறாமலே 240 லிட்டர் போய்விடும். கூட்டம் ஆபத்தாவது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் முகமூடி. மூச்சின் ஈரம் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது பிசைந்து உடைக்க வேண்டும். சிலிண்டரை மாற்றும்போது மரையில் பனித்தூள் புகுந்தால் கசியும். ஆக்சிஜன் நின்றதும் மூச்சு மட்டுமா வாங்கும்? உடல் சூடு இறங்கும், விரல்கள் உறையும், புத்தி மந்தமாகும். திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்புமுன்னே குறித்துவைப்பது இந்தக் காரணத்தால்தான். மேலே போய் முடிவெடுக்கும் மூளை, கீழே இருந்த மூளை அல்ல.

கே: சிலிண்டர் இல்லாமல் முதலில் ஏறியவர் யார்?

ப: 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும். 1980 ஆகஸ்டில் மெஸ்னர் வடபக்கமாகத் தனியாகவே, சிலிண்டர் இல்லாமல் ஏறினார். ஆனாலும் எங்கள் மனத்தில் முதலிடம் ஆங் ரீத்தா ஷெர்ப்பாவுக்கு. 1987 டிசம்பர் 22, கடுங்குளிர் காலத்தில், சிலிண்டர் இல்லாமல் உச்சி தொட்டார். பாபு சிரி ஷெர்ப்பா 1999இல் சிலிண்டர் இல்லாமல் உச்சியிலேயே 21 மணி நேரம் தங்கியது மற்றொரு வியப்பு. இமயமலை வாழ் இனத்தவரான ஷெர்ப்பாக்களை வெறும் சுமைதூக்கிகளாக எழுதும் பழக்கம் இனியாவது ஒழியட்டும்.

கே: மலேசியர்களில் முதலில்?

ப: நம்மவர்கள்தான். எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் 1997 மே 23 அன்று, நேப்பாளப் பக்கம் வழியாக.

கே: படிவம் ஐந்து படிக்கிறேன். மலையேற எங்கிருந்து தொடங்கலாம்?

ப: சபாவிலுள்ள கினபாலு மலை (4,095 மீட்டர்). அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். திம்போஹோன் வாயிலிலிருந்து (1,866 மீட்டர்) பானாலாபானுக்கு (3,272 மீட்டர்) முதல் நாளே ஏறித் தங்குகிறோம். ஒரே பகலில் 1,400 மீட்டர் என்பது உடலுக்கு அதிகம், அதனால் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலைவலி கூடினாலோ நடை தள்ளாடினாலோ மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள். உடனே வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறங்குங்கள்.