நிறுத்தினால் தலைவலி, போட்டால் படபடப்பு: 'ஃபேட் பர்னர்' கேப்சூலை எப்படி விடுவது?

கேள்வி: வயது 29, எடை 78 கிலோ. ஜிம் டிரெய்னர் சொன்னதால் நான்கு மாதமாக 'ஃபேட் பர்னர்' கேப்சூல் காலையில் இரண்டு, மாலை ஜிம்முக்குப் போகும் முன் இரண்டு எடுக்கிறேன். ஒரு மாதமாக அவரே கொடுத்த மூலிகை கேப்சூல் மதியம் ஒன்று. ஆறு கிலோ குறைந்தது. ஆனால் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, இப்போது பசியே எடுப்பதில்லை, வாயும் வறண்டுபோகிறது, மலச்சிக்கல் வேறு. பிசிஓடிக்காக ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன், தலைவலி தாங்காமல் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இதற்கு அடிமையாகிவிட்டேனா? நிறுத்தினால் எடை ஏறிவிடுமா?

பதில்: முதலில் அந்த மூலிகை கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. பசி சுத்தமாக அடங்கி, வாய் வறண்டு, மலச்சிக்கலும் வருகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சிபுட்ரமின் மீதுதான். பசியை அடக்கும் மருந்தாக ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்தது. இதயநோயோ சர்க்கரையோ உள்ள ஏறக்குறைய 10,000 பேரிடம் பல வருடம் நடத்திய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாத்திரையை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் இதை எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கும் வந்தன. அதனால் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், 2011-ல் இந்தியாவிலும் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனாலும் 'நூறு சதவீதம் மூலிகை' என்று விற்கும் கேப்சூல்களில் இதைக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. உங்களுடையதில் அதுதான் இருக்கிறது என்று பரிசோதிக்காமல் நான் சொல்ல முடியாது. இருக்கலாம் என்பதே நிறுத்தப் போதுமான காரணம். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் போகும்போது டப்பாவோடு கொண்டுபோங்கள்.

சரி, அடுத்தது ஃபேட் பர்னர். லேபிளில் இரண்டு கேப்சூலுக்கு 300 மில்லிகிராம் காஃபீன் என்று போட்டிருக்கிறது, ஆக நாளுக்கு 600. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 400-ஐத் தாண்ட வேண்டாம் என்பதுதான் பொதுவான கணக்கு. கீழே குவாரனா, க்ரீன் காபி சாறு என்று தனித்தனியாக எழுதியிருப்பதும் காஃபீன் தருபவைதான், அதற்கு மேல் நீங்கள் குடிக்கும் காபி. கசப்பு ஆரஞ்சு சாறு என்று ஒன்று இருக்கிறதே, அதிலுள்ள சினெஃப்ரின் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. முன்பு இதன் இடத்தில் எஃபெட்ரா என்ற மூலிகை இருந்தது. 2003 பிப்ரவரியில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து இறந்துபோன அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் எடுத்ததும் எஃபெட்ரா கலந்த எடைக்குறைப்பு மாத்திரைதான், அவருக்கு வயது 23. அடுத்த வருடம் அமெரிக்காவில் எஃபெட்ரா சப்ளிமென்ட்டுகளைத் தடை செய்தார்கள், கம்பெனிகள் கசப்பு ஆரஞ்சுக்கு மாறின.

இதில் உங்கள் ஹார்மோன் மாத்திரையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிசிஓடிக்குக் கொடுப்பதில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், அது காஃபீனை உடைக்கும் கல்லீரலின் வேகத்தைக் குறைத்துவிடும். சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டியது உங்களுக்குப் பத்து மணி நேரம்கூட எடுக்கலாம். மாலை ஆறு மணிக்குப் போட்ட 300-ல் பாதி, விடியற்காலை நாலு மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் தூக்கம் எப்படி வரும்?

அடிமையாகிவிட்டேனா என்று கேட்டீர்கள். உடம்பு பழகிவிட்டது, அது உண்மை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினை காஃபீன் தடுக்கிறது, தினமும் தடுத்தால் மூளை அதற்கு ஈடுகட்டிக்கொள்கிறது, அதனால் திடீரென நிறுத்தினால் களைப்பும் தலைவலியும் மொத்தமாக வந்து இறங்கும். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாவது நாளையொட்டி உச்சத்துக்குப் போய், அதிகபட்சம் ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். நீங்கள் தோற்றுப்போனதாக நினைக்கும் அந்த இரண்டாவது நாள்தான் இருப்பதிலேயே மோசமான நாள், இன்னும் கொஞ்சம் தாண்டியிருந்தால் இறங்குமுகம். உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை.

இந்தத் தடவை இப்படிச் செய்யுங்கள். படபடப்பு இருப்பதால் ஃபேட் பர்னரையும் முழுவதுமாக நிறுத்திவிட்டு, காபியை மட்டும் விடாதீர்கள். காலையிலும் முற்பகலிலுமாக இரண்டு மூன்று டம்ளர், மதியத்துக்கு மேல் வேண்டாம், பத்து நாளில் ஒன்றாகக் குறையுங்கள். தலைவலிக்கு பாராசிட்டமால் போதும், ஆனால் கடையில் வாங்கும் சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபீன் இருக்கிறது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூக்கடைப்பு மாத்திரையும் இந்த நாட்களில் வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரிடம் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., தைராய்டு, பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு எதற்கென்றால், அது கூடினாலும் இதே படபடப்பும் எடைக்குறைவும் வரும். ஹார்மோன் மாத்திரையும் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, திடீரென இடி விழுந்தாற்போல் தலைவலி, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எடை ஓரளவு ஏறத்தான் செய்யும். பசி திரும்பும், குறைந்த ஆறு கிலோவில் நீர் எடையாகப் போனது முதலில் திரும்பி வரும், அதைப் பார்த்து பயந்து மறுபடி டப்பாவைத் திறக்காதீர்கள். பிசிஓடிக்கு மொத்த எடையில் 5 சதவீதம், உங்களுக்கு நாலு கிலோ, குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு அதிகம். அதை உணவு, தூக்கம், எடை தூக்கும் பயிற்சி வழியாகக் கொண்டுவரலாம். மருந்து தேவைப்பட்டால் பரிசோதித்து எழுதித்தர ஹார்மோன் நிபுணர் இருக்கிறார்.

அதே மூலிகை கேப்சூலை ஜிம்மில் வேறு யாராவது வாங்கியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் யாராவது இருந்தால் இன்றே சொல்லுங்கள், சிபுட்ரமினோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.