அந்த மாடு எங்கே போயிற்று?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பர்மா, மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். என் அப்பத்தாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். 1964இல் தெருவே இந்தியாவுக்குக் கப்பலேறப் போனபோது அவர் மட்டும் போகவில்லை. அதுதான் கதை. இங்கே தமிழ் தெரிந்த இரண்டு பெரியவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் செம்மைப்படுத்தச் சொன்னேன். ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டது. நான் கோயில் மாலை வகுப்பில் தமிழ் படித்தவன், இப்படி அழகாக எழுத எனக்கு வராது. இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவதை அனுப்பினால் தவறா? எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பகான் அரக்கு வேலைப்பாடு என்று சொல்லி விற்றார்கள். கறுப்பு மேனியில் சிவப்பும் பச்சையுமாக யானை, பூக்கொடி எல்லாம் இருந்தன. விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக், மேலே பெயிண்ட். குதிரைமயிர் வைத்துப் பின்னிய அசல் கிண்ணத்தை அழுத்தினால் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொடும், விட்டால் பழையபடி நிமிரும், ஒரு கீறல் விழாது. அந்த வருத்தத்தோடு வீட்டுக்கு வந்துதான் உங்கள் இரண்டு பிரதிகளையும் படித்தேன்.

பத்திரிகை விஷயம் பிறகு. கதை முதலில் முடியட்டும். ஒற்றுப்பிழையை இயந்திரம் திருத்தினால் திருத்திவிட்டுப் போகட்டும். பெரியவர்கள் பேசவில்லை என்றால் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள், மூன்று மாதம் பெரிய காலம் இல்லை.

கோயில் வகுப்புத் தமிழ் என்று எழுதியிருப்பது மட்டும் என்னைச் சுட்டது. நானும் அதே மண்டபத்துப் பிள்ளைதான். 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ் என்றால் சாயங்காலம் ஒரு மணி நேரம், பத்துப் பிள்ளைக்கு ஒரு புத்தகம். புத்தகம் தலைகீழாக இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்ததால், இன்றைக்கும் எனக்குத் தமிழைத் தலைகீழாக வாசிக்க வரும். அந்தத் தமிழில்தான் நீங்கள் அப்பத்தாவோடு பேசுகிறீர்கள். அதைக் குறைவு என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். உங்கள் கையால் எழுதிய பிரதியில் இப்படி இருக்கிறது: "அப்பத்தா கப்பலுக்குப் போகவில்லை. அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை." செம்மையான பிரதியில் இது இப்படி ஆகியிருக்கிறது: "பிறந்த மண்ணின் மீது அவர் கொண்டிருந்த ஆழமான பற்று, அவரைக் கப்பலேற விடாமல் தடுத்தது."

அந்த மாடு எங்கே போயிற்று, தம்பி?

இரண்டாவது பிரதியில் வரலாறு சரியாகத்தான் இருக்கிறது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையானது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனது, எதிலும் பிழையில்லை. ஆனால் மாடு இல்லை. தண்ணீர் காட்ட ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பக்கத்து வீட்டில் ஒரு சனம் இருந்திருந்தால் "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். சொல்ல ஆள் இல்லை. தெரு காலியாகிவிட்டது. எல்லோரும் சல்வீன் ஆற்றைப் படகில் கடந்து மார்ட்டபானில் ரயிலேறி ரங்கூன் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். கட்டுத்தறியில் ஒரு மாடு கத்திக்கொண்டிருக்கிறது. இத்தனையும் உங்கள் ஒன்பது வார்த்தைக்குள் இருந்தது. அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்கு "ஆழமான பற்று" வாங்கி வந்திருக்கிறீர்கள். யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்துகிற சொல் அது. உங்கள் அப்பத்தாவுக்கு எதற்கு? எனக்குக் கோபம்தான் வந்தது. இயந்திரத்தின் மேல் இல்லை, உங்கள் மேல். அது மாட்டைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்க்காவிட்டாலும் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இருபத்து மூன்று வயதில், மாமாவின் கடைக்காகப் பகானுக்குப் பக்கத்தில் மியின்கபா கிராமத்தில் நான்கு மாதம் தங்கியிருந்தேன். நாற்பது வெற்றிலைப் பெட்டிகளை இருந்து வாங்கிவரும் வேலை. நம்மவர்கள் அதை அரக்கு வேலை என்பார்கள். அரக்கு பூச்சியிலிருந்து வருவது, இது மரப்பால். பர்மியர் திஸ்ஸி என்பார்கள். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அந்த மரத்தின் சொந்தக்காரர்கள். பச்சையாகக் கையில் பட்டால் சேங்கொட்டை பட்டது போலவே கொப்பளித்துவிடும். மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவிப் பெட்டி கட்டி, பாலோடு சாம்பலைக் குழைத்து அப்பி இடுக்கை அடைத்து, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு கொடுக்க வேண்டும். ஒரு பூச்சு காய ஒரு வாரம் போல ஆகும். நல்ல பெட்டிக்கு ஏழெட்டுப் பூச்சு, சிலவற்றுக்கு அதற்கு மேலும். அதற்கப்புறம்தான் ஊசிமுனையால் சித்திரம் கீறி, ஒவ்வொரு வண்ணமாக ஏற்றுவது.

வெளியே பகான் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று கேட்டேன். அங்கே இருந்த சயா, அதாவது ஆசான், சிரித்தார். அந்தப் பால் வெயிலில் சரியாகக் காயாது. இருட்டும் ஈரமும் வேண்டும். நிலவறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஈரக்காற்றை வாங்கி வாங்கித்தான் அது இறுகும்.

ரங்கூனிலிருந்து மாமா தந்திக்கு மேல் தந்தி அடித்தார். நான் சயாவை நச்சரித்தேன். நான்காம் நாளே ஒரு பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். தொட்டேன், ஒட்டவில்லை. "காய்ந்துவிட்டதே" என்றேன். ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் அடுத்த பூச்சைக் கொடுத்து உள்ளே வைத்தார். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது மேல்பரப்பு பாலாடை போலச் சுருங்கிக் கிடந்தது. அடிப்பூச்சு இறுகவே இல்லை. சயா ஒரு தேய்ப்புக்கல்லும் சட்டியில் தண்ணீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூங்கில் தெரியும்வரை தேய்க்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. விரல் நுனியெல்லாம் தோல் போயிற்று.

அதிலிருந்து நிலவறையைத் திறக்கும்போதெல்லாம் முதல் பெட்டியை என்னிடம்தான் கொடுப்பார். மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், நகத்தால் தட்டிக் கேட்பேன். பெரும்பாலும் தப்பாகவே சொன்னேன். ஏழு நாள் கணக்கு என்று எழுதி வைத்திருந்தேன், அது உதவவில்லை. மழை பெய்த வாரம் ஒரு கணக்கு, காற்று வறண்ட வாரம் இன்னொரு கணக்கு. ஒரே நாளில் பூசிய இரண்டு பெட்டிகளில் ஒன்று ஆகியிருக்கும், ஒன்று ஆகியிருக்காது. கடைசி மாதத்தில் ஒரு நாள், சயா கேட்பதற்கு முன்பே என் கை ஒரு பெட்டியைத் திருப்பி உள்ளே வைத்தது. ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவரும் கேட்கவில்லை.

எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். ஒரு நிமிடத்தில் பிரதி வந்துவிட்டது. அது தேறுமா தேறாதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். நான் இன்றைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த கதைக்கு யார் சொல்வார்கள்? நாலு கதையைச் சுருங்க விட்டு, எங்கே அவசரப்பட்டோம் என்று நீங்களே தேய்த்துப் பார்க்காமல் அந்தக் கை உங்களுக்கு வராது. மூன்று மாதம் வீணாயிற்று என்கிறீர்கள். அந்த மூன்று மாதத்தில் உங்கள் கதையை நீங்கள் எத்தனை முறை எடுத்துப் படித்தீர்கள்? ஒரு முறைகூட இல்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் மாட்டை விட்டுக்கொடுத்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது பிரதியை அழித்துவிடுங்கள். முதல் பிரதியிலும் கடைசிப் பக்கம் தேறவில்லை, அங்கே ஊர் வரலாறு சொல்லப் போய்விட்டீர்கள். மழைக்காலம் முடியும்வரை அதைத் தொடாமல் வைத்திருந்து பிறகு படியுங்கள்.

அப்பத்தா இன்னும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார் என்று கதையில் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த மாடு என்ன நிறம், அன்றைக்கு எத்தனை குடம் குடித்தது என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்னபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.