கடிதம்: முதலாளிட மருமகன்

அண்ணா,
திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ரெஸ்டோரண்ட்ல ஏழு வருசமா வேலை செய்யிறன். சுப்பர்வைசர் வேலையெல்லாம் நான்தான் பாக்கிறன், பேர் மட்டும் இல்ல. போன மாசம் முதலாளி தன்ட மருமகனை மனேஜர் எண்டு கொண்டு வந்து விட்டுட்டார். ஓடர் எடுக்கவும் தெரியாது, என்னையே பழக்கச் சொல்லுறார். டிப்ஸ் பெட்டிச் சாவியும் இப்ப அவரிட்டத்தான். விட்டுட்டுப் போகவா?
(பேர் போட வேண்டாம் எண்டு கேட்ட வாசகர்)

தம்பி,
கோவம் நியாயம்தான், ஆனா கவுன்டர்ல சொந்தக்காரனை இருத்துறது நம்மட ஊர்ல நேத்துத் தொடங்கினதில்ல. காசு கைக்குக் கை மாறுற யாவாரம், பில் போடாமலே நாலு கொத்து ரொட்டி வெளிய போகலாம், அதால முதலாளிமார் தொழில் தெரிஞ்சவனை விட ரத்தத்தைத்தான் நம்புவாங்க. அதை நீங்க மாத்தேலாது. காசைப் பாக்க வந்தவனுக்கு கிச்சினையும் சேத்துக் குடுக்கிறதுதான் பிழை.

நிலாவெளி ரோட்டுக் கடை ஒண்டுல பாத்தன். சனிக்கிழமை ராத்திரி, மேசையெல்லாம் ஃபுல், கொத்து பாஸ், அதான் கொத்துப் போடுற சமையல்காரர், ஓடர் துண்டுகளை வரிசையா வச்சுப் போட்டுக்கொண்டு நிக்கிறார். முதலாளிட ஆள் வந்து தன்ட கூட்டாளிமார்ட துண்டைத் தூக்கி முன்னுக்கு வச்சிட்டுப் போறார். பாஸ் வாய் திறக்கேல்ல, தகடு ரெண்டையும் கல்லில போட்ட அடி மட்டும் ரோட்டுக்குக் கேட்டது. பிள்ளைகளோட காத்திருந்த ஒரு குடும்பம் எழும்பிப் போச்சு, அதுக்கு ஏச்சு வாங்கினது ஒண்டும் அறியாத வெயிட்டர் பெடியன்.

மருமகனைப் பாத்துப் பொறாமைப்படவும் வேண்டாம். இப்பிடி வாறவங்கள்ல கனபேருக்கு சம்பளம் எவ்வளவு எண்டே பேசியிருக்கமாட்டாங்க, மாமா பாத்துக்கொள்ளுவார் எண்டு விட்டிருப்பாங்க. உங்களுக்கு ஏலாட்டி வேற கடை இருக்கு, அவன் எங்க போறது?

அதால கதிரைக்குச் சண்டை பிடிக்காதீங்க, காசைக் கேளுங்க. பில்லில 10% சேர்விஸ் சார்ஜ் போட்டா அது எப்பிடிப் பிரியுது, மனேஜருக்கு எத்தனை பொயின்ட் (பங்கு), உங்களுக்கு எத்தனை? ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) சம்பளத்தில உங்கட பக்கம் 8%, முதலாளி பக்கம் 12%, அதுக்கு மேல ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% அவர் கட்ட வேணும், கட்டுறாரா எண்டு பாருங்க. சாப்பாடு போடுறம் தானே எண்டு கதை விடுவாங்க, குடுக்கிற சாப்பாட்டுட பெறுமதியும் ஈபிஎப் கணக்கில சேர வேணும் எண்டு 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலயே இருக்கு.

பிறகு பணிக்கொடை. 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடமெண்டா, அஞ்சு வருசம் முடிச்ச ஆள் தானா விட்டுப் போனாலும் வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் குடுக்க வேணும், 1983ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு மூண்டரை மாசச் சம்பளம் வரும். கோவத்தில ஏப்ரனைக் கழட்டி எறிஞ்சிட்டுப் போறவங்க இதைக் கேக்காமலே போயிடுறாங்க. குடுக்கமாட்டன் எண்டா தொழில் திணைக்களத்தில முறைப்பாடு போடலாம்.

எப்ப கதைக்கிறது எண்டதையும் பாருங்க. மாரி மழையில கடை வெறிச்சோடிக் கிடக்கேக்க கேட்டா போறதெண்டா போ எண்டுவார். ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் மட்டும்தான் நம்மட கடற்கரைக்கு சீசன், பங்குனியில கேளுங்க, அப்ப மருமகனை மட்டும் வச்சுக் கடை ஓட்டேலாது எண்டு அவருக்கே தெரியும். ரெண்டு விசயம் கேட்டா காணும்: ஓடர் வரிசையில உங்கட சொல்லுத்தான், டிப்ஸ் பெட்டி ராத்திரி கடை பூட்டேக்க எல்லாரும் நிக்கத் திறபட வேணும். சாவி ஆரிட்ட இருந்தாலும் இருந்திட்டுப் போகட்டும்.