கழன்ற கொலுசு

அன்புள்ள ஐயா,

இமாச்சல மலைநாட்டுச் சிற்றோவியங்களான காங்க்ரா ஓவியங்களில் வரும் நாயகிகளைச் செல்போனில் தொடர்ந்து பார்க்கிறேன். காதலில் அவள் இருக்கும் நிலையை வைத்து எட்டு வகை நாயகி என்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே முகம். ஏக்கம் எங்கே? இதைவிட நன்றாக நம் அகப்பாடல்களில் இருக்கிறதே. புது வீட்டு ஹாலில் மாட்ட ஒரு பிரதி வாங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

அகப்பாடல் விஷயத்தை விட்டுவிடுவோம். எதைக் கண்டாலும் ‘எங்களிடம் அப்போதே இருந்தது’ என்று பட்டா நீட்டுவதற்கு ரசனை என்று பெயரில்லை.

ஒரே முகம்தான், மறுக்கவில்லை. பக்கத்து மலைநாடான குலேரில் வரைந்தவர்கள் பண்டித சேவு, அவர் மகன்கள் மானகு, நைன்சுக். காங்க்ராவில் அரசர் சன்சார் சந்த் காலத்தில் (1775–1823) வரைந்தவர்களில் அவர்கள் வழிவந்தவர்கள் உண்டு. ஹரித்வார் பண்டாக்கள், அதாவது தீர்த்த யாத்திரைப் புரோகிதர்கள், வைத்திருக்கும் வம்சாவளிப் பேரேடுகளைப் புரட்டி, இந்தக் குடும்பத் தொடர்ச்சியை கலை வரலாற்றாசிரியர் பி. என். கோஸ்வாமி கண்டெடுத்தார். அந்த வீடுகளில் நகைப்பெட்டி மாதிரி வரைபடிகளும் கைமாறின. கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் தட்டி உருவத்தை இறக்குவார்கள். முகம் தாத்தா சொத்து. பேரன் தன் கைவரிசையை வேறு இடத்தில் காட்டுவான். நீங்களோ இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கிவிட்டு ஏக்கத்தைக் காணோம் என்கிறீர்கள். கொஞ்சம் கீழே இறங்குங்கள் ஐயா!

சண்டிகர் அருங்காட்சியகத்தில் நானும் இப்படித்தான் நின்றேன். ஒரு சாண் உயரப் படம். அபிசாரிகை, இரவில் காதலனைத் தேடித் தனியே போகிறவள். கருமேகத்தில் தங்கக் கோடாக மின்னல், காலடியில் பாம்பு. நான் முகத்தையே பார்த்து, என்ன தவிப்பு, என்ன தவிப்பு என்று உருகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி, “அவ எங்க அவனை நினைக்கிறா? கொலுசு கழண்டு விழுந்துடுச்சு, அதைத் திரும்பிப் பாக்கறா. ஒத்தைக் கொலுசோட வீட்டுக்குப் போனா என்ன சொல்றது?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். அரிசியளவுப் பொன் வளையம், புல்லில். பாம்பைக் கண்டு அஞ்சாதவள் அதற்காக நின்றுவிட்டாள். முன்பாதம் காட்டைப் பார்க்கிறது, கழுத்து ஊரைப் பார்க்கிறது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இத்தனை வருடம் நாயிகா பேதம் என்னும் நாயகி வகைப்பாடு, அதைச் சொல்லி 1591-இல் கேசவதாசர் எழுதிய ரசிகப்ரியா என்று ஊரெல்லாம் பேசியவன் நான். அந்தக் கொலுசை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மதியம் சாப்பிடும்போதும் அவள் அதையே சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம்.

அதற்குப்பின் எந்த நாயகியைப் பார்த்தாலும் முகம் கடைசியில்தான். காத்திருப்பவளா, மடிப்புக் கலையாத படுக்கையைப் பார்ப்பேன். ஏமாந்தவளா, அவள் கழற்றி எறிந்த நகை எங்கே விழுந்தது என்று தேடுவேன்.

பிரதியா? வாங்குங்கள். ஆனால் ஹாலில் மாட்டாதீர்கள். இவை துணிமூட்டையில் கட்டி வைத்து, கையிலெடுத்துப் பார்த்த படங்கள். சோபாவிலிருந்து கொலுசு தெரியாது.