செல்ஃபியை நம்பி மூக்கில் கை வைக்காதீர்கள், தம்பி

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அதனால் அக்கா கல்யாணத்தில் மேடையேற மாட்டேன், ஆபரேஷனுக்குக் காசு சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். காசு இருக்கட்டும். முதலில் போனை ஐந்தடி தள்ளி வைத்து, டைமர் போட்டு ஒரு படம் எடுங்கள். அதைக் கை நீட்டி எடுத்த செல்ஃபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஓரடி தூரத்துப் படத்தில் மூக்கின் அகலம், 5 அடி தூரத்துப் படத்தைவிட சுமார் 30 சதவீதம் அதிகமாகத் தெரியும். லென்ஸுக்குக் கிட்டே இருப்பது பெருத்துத் தெரியும், அவ்வளவுதான்.

கண்ணாடியும் லேசுப்பட்டதில்லை. அதில் நாம் பார்ப்பது இடவலம் மாறிய முகம். தினமும் பார்த்துப் பழகியதால் போட்டோவில் நேர்முகம் வந்தால் கோணலாகப் படுகிறது. நண்பர்களுக்கோ அந்த நேர்முகம்தான் பழக்கம், பிடித்ததும் கூட.

எனக்குத் தெற்றுப்பல். கல்லூரி முடியும்வரை வாயைக் கையால் மூடியே சிரித்தேன். பிறகொரு நாள் நண்பன் சொன்னான்: "பல்லை யாருடா பார்த்தா? உனக்கு எப்பவும் இருமல்னு நினைச்சோம்!" மறைக்கப் பட்ட பாடுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆபரேஷன் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் தினம் மணிக்கணக்கில் மூக்கு நினைப்பாகவே இருந்தால், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மூக்கைச் சரிசெய்தாலும் அந்த நினைப்பு பலருக்குப் போவதில்லை.

கல்யாணத்தில் தைரியமாக மேடையேறுங்கள். போட்டோகிராபர் தள்ளி நின்றுதான் எடுப்பார்.