கேள்வி – பதில்: பல்கலைக்கழகப் பணமும் யூத வெறுப்பும்

கேள்வி: அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் என் மகள், அங்குள்ள மாணவர்கள் ‘முதலீட்டை விலக்கிக்கொள்’ என்று போராடுவதாகச் சொல்கிறாள். கட்டணம் கட்டிப் படிக்க வந்தவர்களுக்கும் பல்கலைக்கழகத்தின் முதலீட்டுக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நம் கோயில்களில் ஒருவர் கட்டளை வைத்தால், முதல் தொகையில் கை வைக்காமல் அதன் வருவாயிலிருந்து பூசை நடத்துவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிலைநிதியும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்; ஆனால் ஹார்வர்டின் நிதி மட்டுமே 5,000 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் பங்குகளிலும் முதலீட்டு நிதியங்களிலும் இருக்கிறது. இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆயுதமும் கருவியும் வழங்கும் நிறுவனங்களில் உள்ள பங்குகளை விற்றுவிட வேண்டும் என்பதே மாணவர்களின் கோரிக்கை.

இதற்கு முன்னோடி தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் எதிர்ப்பு. 1977-இல் ஹாம்ப்ஷயர் கல்லூரி, அந்நாட்டில் தொழில் செய்த நிறுவனங்களின் பங்குகளை முதலில் விற்றது. 1985-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஹாமில்டன் ஹால் என்ற கட்டடத்தின் வாயிலை மறித்து அமர்ந்தார்கள். அதே ஆண்டில் நிர்வாகம் இணங்கியது. 1986-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சுமார் 310 கோடி டாலர் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது. 2024 ஏப்ரலில் மாணவர்கள் புகுந்ததும் அதே ஹாமில்டன் ஹால்தான். இம்முறை விளைவு வேறு: காவல்துறை வந்து அவர்களை வெளியேற்றியது. பிரவுன் பல்கலைக்கழக நிர்வாகக் குழு கோரிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டு, அந்த அக்டோபரில் நிராகரித்தது. ஒருவர் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்வார் என்பதால் நிறுவனத்துக்குப் பண இழப்பு பெரிதாக இராது. பெயருக்கு நேரும் இழுக்கைத்தான் மாணவர்கள் நம்புகிறார்கள்.

கேள்வி: இக்கோரிக்கையே யூத வெறுப்பு என்கிறது ஒரு தரப்பு; அப்படிச் சொல்வது வாயை அடைக்கும் தந்திரம் என்கிறது மறுதரப்பு. தங்கள் கருத்து என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: யூதர்களின் அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிகள் யூதர் கடைகளின் வாசலில் நின்று, உள்ளே போகாதே என்று தடுத்தார்கள். ‘புறக்கணிப்பு’ என்ற சொல் ஒரு யூதக் குடும்பத்தின் காதில் நமக்குக் கேட்பதுபோல் கேட்காது. அமெரிக்க வளாகங்களுக்கும் இந்த வரலாறு புதிதன்று. யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று 1922-இல் முனைந்தவர் ஹார்வர்டின் தலைவர் லோவெல்தான்.

எது வெறுப்பு என்பதிலேயே இரண்டு அளவுகோல்கள் உள்ளன. நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையை நினைவுகூரும் பன்னாட்டு ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016-இல் ஏற்ற வரையறையோடு வரும் 11 எடுத்துக்காட்டுகளில் 7 இஸ்ரேலைப் பற்றியவை. ஜெர்மானிய நாடாளுமன்றம் 2019-இல் இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்தை யூத எதிர்ப்பு என்றே தீர்மானித்தது. இதற்கு மாறாக, அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டு 2021-இல் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம், புறக்கணிப்பும் முதலீட்டு விலக்கமும் தம்மளவில் யூத வெறுப்பாகா என்கிறது. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. அந்நியத் துணியை எரித்த காந்தி, 1931-இல் இங்கிலாந்தின் நெசவுப் பகுதியான லங்காஷயரின் டார்வென் ஊருக்குப் போனபோது, அந்தப் புறக்கணிப்பால் அடிபட்ட ஆலைகளின் தொழிலாளர்களே அவரை ஆரவாரத்துடன் வரவேற்றார்கள். துணியோடுதான் அவருக்குப் பகை என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

அந்த வேறுபாடு வளாகங்களில் எப்போதும் காக்கப்படவில்லை. கொலம்பியாவில் போராட்ட முன்னணியில் நின்ற மாணவர் ஒருவர், சியோனியவாதிகள் (யூதர்களுக்குத் தனிநாடு என்ற கொள்கையினர்) உயிர்வாழத் தகுதியற்றவர்கள் என்று பேசிய காணொளி வெளியாகி, அவர் வளாகத்துக்குள் வரவே தடை விதிக்கப்பட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் யூத மாணவர்கள் சில பகுதிகளுக்குள் செல்ல முடியாத நிலை இருந்ததைக் கண்டு, இனி அதற்கு இடந்தரக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. அதே வளாகத்தில் ஏப்ரல் 30 இரவு எதிர்த்தரப்புக் கும்பல் போராட்டக்காரர்களின் கூடாரங்களைத் தாக்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலம்பியாவின் கூடாரங்களுக்கு நடுவே யூத மாணவர்கள் பஸ்கா விருந்து நடத்தியதும் உண்மை. எல்லா யூதரும் ஒரே பக்கம் என்று எண்ணுவதே அரைகுறை அறிவு.

அமெரிக்க அரசு தலையிட்ட விதமும் எனக்கு உவப்பானதன்று. 2025 ஜூலையில் கொலம்பியா 20 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டு, அரசு நிறுத்திவைத்த ஆராய்ச்சி நிதியை மீட்டது. யூத மாணவரைப் பாதுகாக்க வேண்டிய 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தைக் காட்டி ஆய்வகங்களின் பணத்தை நிறுத்திவைத்தால், பழி கடைசியில் அந்த மாணவர்மீதே விழும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இதுபற்றிக் கருத்தரங்கு நடத்த இருக்கிறோம். யூதர் எவரும் இல்லாத நம் ஊரில் இவ்வளவு கவனம் தேவையா?
– மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: யூதர் இல்லாத ஊர் என்று யார் சொன்னது? அரவிந்தர் ஆசிரமத்து அன்னை மிர்ரா அல்ஃபாசா, 1878-இல் பாரிசில் துருக்கிய, எகிப்திய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். செய்யாத துரோகத்துக்காக டிரைஃபஸ் என்ற யூத ராணுவ கேப்டனை 1894-இல் பிரான்ஸ் தண்டித்தபோது அன்னைக்கு வயது பதினாறு. அவர் அந்நகரில்தான் இருந்தார். உங்கள் பதாகைகளில் நிறுவனத்தின் பெயரையும், அது விற்கும் பொருளையும், அதில் எந்தப் பல்கலைக்கழகம் பணம் போட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ‘யூதர்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இராது.