சாம்பல் பூத்த வெள்ளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்த என் மகன், ‘இதை நாமளே செய்யலாமாப்பா?’ என்று கேட்டான். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவுள்ள (1/72) பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று வாங்கி இருவருமாக ஒட்டி முடித்தோம். சிக்கல் பெயின்டில்தான். தண்ணீர் கலந்து செய்த, வாட்டர் பேஸ்டு எனப்படும் சில்வர், பாட்டிலில் பாதரசம் மாதிரி இருந்தது. காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடித்ததும் விபூதி பூசின மாதிரி ஆகிவிட்டது. தடவினால் சொரசொரக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வாய்த்துளையான நாசில் அடைத்துக்கொள்கிறது. மே மாதம், மத்தியான நேரம், மாடி அறையில் ஃபேன் போட்டுக்கொண்டு 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அடித்தேன். அடியில் முதல் பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர். பெயின்டில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்தேன். தண்ணீருக்குப் பதில் வாடையடிக்கும் தின்னரில் கரைத்த லாக்கர் பெயின்டுக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். எங்களுடையது இரண்டு அறை வீடு. மாறிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம். உங்கள் பெயின்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கெடுத்தது மே மாத மத்தியானம்.

சில்வர் பெயின்டில் மினுங்குவது அலுமினியம். அதைச் சப்பையான நுண்செதில்களாக்கி, பிசின் கலந்த நீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். மீனின் உடம்பில் செதில் படிந்திருப்பதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்று படுத்தால்தான் உலோகமாகத் தெரியும். குத்திட்டும் சாய்ந்தும் நின்றால் ஒளி நாலாபக்கமும் சிதறிச் சாம்பலாகிவிடும். செதில் படுப்பதற்கு ஈரம் வேண்டும். நாற்பது டிகிரியை ஒட்டிய வெயிலில், தலைக்கு மேல் ஃபேனும் ஓட, 25 பிஎஸ்ஐ காற்றில் கிளம்பும் துளி பாதி வழியிலேயே உலர்ந்துவிடுகிறது. விமானத்தில் விழுவது வெறும் பொடி. உங்கள் கைக்குத் தட்டுப்பட்ட சொரசொரப்பு அதுதான். நாசில் அடைப்பதற்கும் இதே காரணம்: ஊசி முனையில் பெயின்ட் காய்ந்து மூக்குப்பொருக்கு மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

எனக்கும் முதல் விமானம் இப்படித்தான் போனது. பிறகு பார்சல் கடையில் தரும் பிளாஸ்டிக் ஸ்பூன் இரண்டை எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் அடியில் ஒரே கருப்பு, மேலே ஒரே சில்வர். ஒன்றை மத்தியானம் இரண்டு மணிக்கும் மற்றதை மறுநாள் விடியற்காலை ஃபேனை நிறுத்திவிட்டும் அடித்தேன். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மத்தியான ஸ்பூன், உழுதுபோட்ட கரிசல் மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. விடியற்கால ஸ்பூனில் ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது. அந்த இரண்டு ஸ்பூன்களும் இன்னும் என் மேஜையில் இருக்கின்றன. நீங்களும் விமானத்தில் கை வைக்கும் முன் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது தரை, அதாவது சில்வருக்கு அடியில் இருக்கும் பூச்சு. சில்வர் செதில் படலம் மிக மெல்லியது, அடியில் இருப்பதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் பிரைமரின் மேற்பரப்பு பொதுவாக மங்கலாக, நுணுக்கமான மேடுபள்ளத்தோடுதான் இருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் மினுங்காது. பளபளக்கும் கருப்பு அடியுங்கள். அடித்து ஒரு முழுநாள் காயவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ட்யூப்லைட்டின் விளிம்பு கலங்காமல் நேர்கோடாகத் தெரிய வேண்டும். நெளிந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி கருப்பு. இந்த வேலையில் பாதிக்கு மேல் உழைப்பு கருப்பில்தான் போகும், போகட்டும். அவசரப்பட்டு சில்வருக்குத் தாவினால் துண்டுகளை ஒட்டிய இடத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் அது தண்டோரா போட்டுச் சொல்லும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் குழாயில் வருவது போர் தண்ணீரா என்று எழுதவில்லை. அதுவாக இருந்தால் பெயின்டில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். ஸ்டீல் வாளியின் உள்ளே வெள்ளையாகப் படியும் உப்பு, சில்வரிலும் திரையாகப் படியும். இன்னொன்றும் இருக்கிறது. அலுமினியப் பாத்திரத்தில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உள்பக்கம் கறுத்துவிடும் அல்லவா? காரத் தண்ணீருக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. சேர்ந்தால் உலோகம் மங்கும், ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். அதைத் தடுக்கத்தான் செதில்களுக்கு மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ அந்தந்தக் கம்பெனியின் தின்னரையோ பயன்படுத்துங்கள். அதையும் பாட்டிலில் ஊற்றாமல் கப்பில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஏர்பிரஷ்ஷுக்கென்றே வரும் சில்வருக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. உலர்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் ஓரிரு சொட்டு போதும்.

மற்றபடி: 0.3 மில்லிமீட்டர் நாசில், 12 முதல் 15 பிஎஸ்ஐ, ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம். அடிக்கும் முன் பாட்டிலை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள், செதில் அடியில் தங்கிவிடும். முதல் பூச்சில் கருப்பு தெரிந்தால் பதறாதீர்கள். மூன்று நான்கு மெல்லிய பூச்சில் மூடட்டும். குளம் கட்டினால் செதிலெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, டபரா வைத்த இடத்தில் விழுகிற காபி வட்டம் மாதிரி கறை நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தின்னரில் நனைத்த பஞ்சால் ஊசி முனையைத் துடைத்துவிடுங்கள். முடித்ததும் ஊசியைக் கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அடிக்கும் வெள்ளையில் ஜிகினா பறக்கும்.

கடையில் கிடைக்கும் எல்லா சில்வரும் நம் வேலைக்கு ஆகாது. மிக்-21-இன் இறக்கை நுனிக்கு நுனி 7.15 மீட்டர். உங்கள் மாடலில் அது பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. கைவேலைக்கு விற்கும் சில்வரில் செதில் 0.03 மில்லிமீட்டர் இருந்தால்கூட, 72 மடங்கு பெருக்கிப் பாருங்கள், 2 மில்லிமீட்டரைத் தாண்டும். விமானம் முழுக்கக் கடுகை ஒட்டின மாதிரி. மாடலுக்கென்று நுணுக்கமாக அரைத்ததையே வாங்குங்கள். சில்வர் மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள், பட்ட பாடெல்லாம் மறுபடி விபூதியாகும்.

நண்பர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. நல்ல லாக்கரின் மினுக்கம் ஒரு படி மேல்தான், டேப் ஒட்டி எடுத்தாலும் அவ்வளவு சுலபத்தில் உரியாது. ஆனால் அந்தத் தின்னர் வாடை இரண்டு அறை வீட்டில் தங்கும், பிள்ளை அதைச் சுவாசிப்பான். அந்த ஒரு படிக்காக இது வேண்டாம். வாட்டர் பேஸ்டு என்றாலும் மாஸ்க் கட்டாயம். காற்றில் மிதக்கும் பொடி நுரையீரலுக்குள் போகக் கூடாது. உங்களுக்கும் அவனுக்கும் முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வாங்கிவிடுங்கள்.

நம் படைக்கு 1963-இலிருந்து வந்த தொடக்ககால மிக்-21-கள் வெறும் உலோக நிறத்தில் பறந்தவை. மூக்குக் கூம்பும் வால் உச்சியும் மட்டும் பச்சை. உங்கள் கிட்டில் கூம்பு தனித் துண்டாக இருந்தால் இப்போதே ஒட்ட வேண்டாம். அந்தப் பச்சைக்கு ஏர்பிரஷ் தேவையில்லை. ஒரு தூரிகையைக் கொடுத்து உங்கள் மகனையே அடிக்கச் சொல்லுங்கள்.